காரில் ரப்பர் கருகும் நாற்றமா? உஷார்... உஷார்! கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பது எப்படி?

சவாரி ஏற்றிக்கொண்டு போகும்போது திடீரென்று ரப்பர் கருகும் நாற்றம் மூக்கைத் துளைக்கும். "ரோட்டுல யாரோ டயர் கொளுத்துறாங்க" என்று கண்ணாடியை ஏற்றிவிட்டு, வண்டியை விரட்டும் டிரைவர்கள் பலர் உண்டு.

அந்த நாற்றம் சொந்த வண்டியில் இருந்து வந்தால்? ஒரு பெல்ட் மாற்றினால் முடிய வேண்டிய வேலை, என்ஜினைப் பிரிக்கும் அளவுக்குப் போய்விடும். வயர் எரிந்தால் வண்டியே போய்விடும்.

முதலில் செய்ய வேண்டியது

அரை கிலோ மீட்டர் தாண்டியும் நாற்றம் விடாமல் வந்தால், அது உங்கள் வண்டியில் இருந்துதான் வருகிறது. இண்டிகேட்டர் போட்டு ஓரம் கட்டுங்கள். என்ஜினை நிறுத்திவிட்டு எல்லோரும் கீழே இறங்குங்கள்.

பானட் இடுக்கில் புகை வருகிறதா? பானட்டைத் திறக்கவே கூடாது. திறந்தால் காற்று புகுந்து தீ குப்பென்று பிடிக்கும். தள்ளி நின்று 101 அல்லது 112-க்கு போன் போடுங்கள்.

புகை இல்லை என்றால், நாற்றம் எப்போது வந்தது என்று யோசித்துப் பாருங்கள். பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

ஏ.சி. போட்டதும் வந்தால்... பெல்ட்!

ஏ.சி. போட்டவுடன் "கீச்... கீச்" சத்தமும் நாற்றமும் சேர்ந்து வந்தால் பெல்ட்தான் காரணம். லூசான பெல்ட் புல்லியில் வழுக்கி, உரசிச் சூடாகிக் கருகும். என்ஜினை நிறுத்திவிட்டு, ஆறிய பிறகு பாருங்கள். பெல்ட்டில் வெடிப்பு இருந்தாலோ, ஓரம் நூல் நூலாகப் பிரிந்திருந்தாலோ, கண்ணாடி மாதிரி பளபளத்தாலோ மாற்றியே ஆக வேண்டும்.

இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஆல்டர்னேட்டர் அல்லது ஏ.சி. கம்ப்ரசர் பேரிங் இறுகிப்போனாலும் பெல்ட் கருகும். அதை விட்டுவிட்டு பெல்ட்டை மட்டும் மாற்றினால், புது பெல்ட்டும் சில நாளில் போய்விடும். எனவே பெல்ட்டைக் கழற்றியதும் ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கரகரவென்று இருந்தால் பேரிங் அவுட்.

பேட்டரி விளக்கு எரிந்து, ஹீட் முள்ளும் ஏறினால் பெல்ட் அறுந்திருக்கலாம். பல கார்களில் வாட்டர் பம்ப் ஓடுவதும் இதே பெல்ட்டில்தான். "பக்கத்துலதானே வீடு" என்று ஓட்டினால் என்ஜின் சீஸ் ஆகிவிடும். கட்டி இழுத்து வருவதே மேல்.

மேம்பாலம் ஏறும்போது வந்தால்... கிளட்ச்!

டிராபிக்கில் பாதி கிளட்சில் ஊர்ந்து போவது, மேட்டில் பிரேக் பிடிக்காமல் கிளட்சிலேயே வண்டியை நிறுத்தி வைப்பது... இரண்டும் கிளட்ச் பிளேட்டுக்கு எமன். எப்போதாவது ஒரு தடவை நாற்றம் வந்தால், சிறிது நேரம் ஆறவிட்டால் சரியாகிவிடும்.

ஆக்சிலேட்டரை மிதித்தால் என்ஜின் மட்டும் அலறுகிறது, வண்டி வேகம் எடுக்கவில்லை என்றால் பிளேட் தேய்ந்துவிட்டது. கிளட்ச் பெடல் மேல் காலை வைத்தபடியே ஓட்டும் பழக்கத்தை விட்டால், அடுத்த பிளேட்டாவது ரொம்ப நாள் உழைக்கும்.

சக்கரம் பக்கம் வந்தால்... பிரேக்!

ஹேண்ட் பிரேக்கை முழுசாக எடுக்காமல் ஓட்டினால் பின் சக்கரம் காயும். பிரேக் பிடித்தபடியே சிக்கிக்கொண்டாலும் இதே கதைதான். ஒவ்வொரு சக்கரத்துக்கும் அருகில் புறங்கையைக் காட்டிப் பாருங்கள். தொட வேண்டாம். ஒரு சக்கரத்தில் மட்டும் அனல் அடித்தால் கோளாறு அங்கேதான்.

70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலை, ஏற்காடு போன்ற மலைகளில் இறங்கும்போது இந்த நாற்றம் வந்தால் அலட்சியம் கூடவே கூடாது. சூடு அதிகமானால் பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி விடும். மிதித்தால் பெடல் உள்ளே போகும், வண்டி நிற்காது. ஏறிய கியரிலேயே இறங்குங்கள். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவது உயிருக்கு உலை.

பிரேக் சூடாக இருக்கும்போது தண்ணீர் ஊற்றக் கூடாது, வெடித்துவிடும். ஹேண்ட் பிரேக்கும் போடாதீர்கள். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, தானாக ஆறவிடுங்கள்.

ஆளும் லக்கேஜும் அதிகம் ஏற்றி, பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் நாற்றம் வந்தால் டயர் மட்கார்டில் உரசுகிறது. லோடைக் குறைத்து, காற்றை செக் பண்ணுங்கள்.

ரோட்டில் கிடக்கும் பிளாஸ்டிக் கவர் சைலன்சரில் ஒட்டிக்கொண்டாலும் இதே நாற்றம் வரும். ஆறியதும் சுரண்டி எடுத்தால் போதும்.

பிளாஸ்டிக் மாதிரி வந்தால்... வயர்!

இதுதான் ஆபத்தானது. எக்ஸ்ட்ரா ஹாரன், லைட், ஸ்பீக்கர் என்று கண்ட இடத்தில் வயரை வெட்டி ஒட்டினால் சூடேறி உருகும். எலி கடித்தாலும் ஷார்ட் ஆகும்.

பியூஸ் அடிக்கடி போனால் பெரிய பியூஸ் போடுவது தவறு. 10 ஆம்பியர் இடத்தில் 20 ஆம்பியர் போட்டால், பியூசுக்குப் பதில் வயர் எரியும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

மெக்கானிக்கிடம் போனதும் "நாத்தம் வருது" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஏ.சி. ஓடியதா, மேடு ஏறியதா, எந்தப் பக்கம் வந்தது, என்ன விளக்கு எரிந்தது... நான்கையும் சொல்லுங்கள். தேவையில்லாத பார்ட்ஸ் மாற்றும் செலவு மிச்சம். அன்றைக்கு சவாரியும் மிச்சம்!