அயல்வீட்டு ஓசையும் நம் உறக்கமும்

வடாலாவில் வீடு வாங்குவோர் சதுர அடி விலை, ரயில் நிலையத்தின் தொலைவு, மாதத் தவணை ஆகிய அனைத்தையும் கணக்கிடுகின்றனர். சுவருக்கு அப்பால் வசிக்கப்போகிறவர் எத்தகையவர் என்பதை மட்டும் கணக்கிட இயலாது. 20 ஆண்டுத் தவணையில் வாங்கிய வீட்டை, ஓசை தாளாமல் விட்டுச் செல்வதும் எளிதன்று. ஆகவே, அயலாரின் ஓசையை முறைப்படி எதிர்கொள்ளும் வழிகளை நாம் அறிந்திருப்பது நலம்.

முதலில் ஓசையின் வகையை அறிய வேண்டும். பேச்சு, பாட்டு, தொலைக்காட்சி ஆகியவற்றின் ஒலி காற்றின் வழியே சன்னல், கதவு இடுக்குகளில் புகுகிறது. நாற்காலியை இழுத்தல், இடித்தல், துளையிடுதல் போன்றவற்றின் அதிர்வோ கான்கிரீட்டின் வழியே பரவுகிறது. எனவே மேல்வீட்டு ஓசை என்று நாம் எண்ணுவது, பக்கத்து வீட்டிலிருந்தோ அதற்கும் மேலான தளத்திலிருந்தோ வரக்கூடும். சில நாட்கள் தேதியையும் நேரத்தையும் குறித்துவைத்து, இடத்தை உறுதி செய்துகொண்ட பின்னரே பேச வேண்டும்.

அடுத்தது நேரில் பேசுதல். நள்ளிரவில் சினத்துடன் கதவைத் தட்டுவது பயன் தராது. மறுநாள் மாலை அமைதியாகச் சொல்லலாம். "எப்போதும் சத்தம்" என்று பொதுவாகக் குறைகூறாமல், "இரவு 11 மணிக்கு மேல் நாற்காலி இழுபடும் ஓசை எங்கள் படுக்கையறையில் கேட்கிறது" என்று குறிப்பாகச் சொன்னால் அவருக்கும் விளங்கும். நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் உறை, மிக்சிக்கு அடியில் தடித்த விரிப்பு ஆகியவற்றுக்கு ஆகும் செலவு மிகச் சிறிது.

பேச்சு பயனளிக்காவிடில், குறித்துவைத்த விவரங்களுடன் வீட்டுவசதிச் சங்கச் செயலாளரிடம் எழுத்து மூலம் புகார் அளித்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்பம் பெறவேண்டும். மகாராஷ்டிரக் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களின் மாதிரித் துணைவிதிகள், பிற உறுப்பினர்களுக்குத் தொல்லை தரும் செயல்களைத் தடைசெய்கின்றன. அத்தகைய செயலை நிறுத்த நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் நிர்வாகக் குழுவுக்கு உண்டு. அயலார் வாடகைதாரராயின், உறுப்பினரான வீட்டு உரிமையாளருக்கும் செய்தியைத் தெரிவிக்க வேண்டும்.

ஒலிபெருக்கி, இரவு நேரக் கட்டுமானம் போன்றவற்றுக்குச் சட்டமே வரம்பு விதித்துள்ளது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை 55 டெசிபலும், பின்னர் காலை வரை 45 டெசிபலும் உச்ச வரம்பாகும். ஒலி 10 டெசிபல் கூடினால், செவிக்கு ஏறத்தாழ இருமடங்காகத் தோன்றும். வரம்பை 10 டெசிபலோ அதற்கு மேலோ மீறினாலும், இரவுக் கட்டுப்பாடு மீறப்பட்டாலும் புகார் அளிக்கலாம். ஓசை எழுப்பும் கட்டுமானக் கருவிகளைக் குடியிருப்புப் பகுதியில் இரவில் இயக்கக் கூடாது. உடனடி உதவிக்குக் காவல்துறையை 112 என்ற எண்ணில் அழைக்கலாம்.

புகார் அளித்தவர் யார் என்று தெரிந்துவிட்டால் பகை மூளுமே என்று பலரும் தயங்குகின்றனர். ஹார்பர் ரயில் தடத்தில் வடாலாவுக்கு மூன்றாம் நிலையமான குர்லாவின் குடியிருப்போர் சங்கங்கள், வழிபாட்டுத் தலங்களின் ஒலிபெருக்கி குறித்துத் தொடுத்த வழக்கில், 2025 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம் இதற்கு விடை தந்தது. இத்தகைய புகார்களில், புகார்தாரரின் அடையாளத்தைக் கோராமலே காவல்துறை நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று அது பணித்தது.

நமது வீட்டின் தரை கீழ்வீட்டாரின் கூரை என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். வீட்டைப் புதுப்பிக்கக் கடன் பெறும் வாடிக்கையாளர்கள், வேலை தொடங்குமுன் சங்கத்தின் எழுத்துமூல அனுமதியைப் பெறவேண்டும். சுவர் உடைக்கும் நாட்களையும் நேரத்தையும் மேல், கீழ், பக்கத்து வீட்டாருக்கு முன்கூட்டியே தெரிவிக்கவும் வேண்டும். நாளை அவர்கள் வீட்டில் வேலை நடக்கும்போது, அதே முன்னறிவிப்பை நாமும் உரிமையுடன் எதிர்பார்க்கலாம்.