ஜெயங்கொண்டம் வட்டாரத்தில் மின்சார வண்டிகள்: அனுகூலமும் அளவும்

ஜெயங்கொண்டம் வட்டாரத்தின் ஊடே ரயில் பாதை செல்லவில்லை. முந்திரிக் கொட்டையாயினும், நிலக்கடலையாயினும், தா.பழூர்ப் பக்கத்து நெல்லாயினும், யாவும் சாலை வழியாகவே சந்தை சேர வேண்டும். ஆகவே வண்டிச் செலவு முழுவதும் விளைபொருளின் விலையினின்றே கழிகிறது. பெட்ரோல் லிட்டருக்கு 100 ரூபாயை ஒட்டி விற்கும் இந்நாளில், மின்சார வண்டி வாங்குதல் நலமா என்னும் வினா குடியானவர்களிடையே எழுவது இயல்பே.

இவ்வினா முற்றிலும் புதிதன்று. கிணற்றடியில் கவலை மாடுகளின் இடத்தை ஆயில் எஞ்சின் பெற்றது. பின்னர் அதனிடத்தை மின்சார மோட்டார் பெற்றது. 1932-இல் பைக்காராவிலும் 1937-இல் மேட்டூரிலும் நீர்மின் நிலையங்கள் இயங்கத் தொடங்கியபின் கம்பி சென்ற ஊர்களில் மோட்டாரே விரும்பப்பட்டது. சென்னையில் 1895 முதல் 1953 வரை டிராம் வண்டிகளும் மின்சாரத்தால் ஓடின. ஆனால் இவ்விரண்டிற்கும் மின்சாரம் இருந்த இடத்திற்கே வந்து சேர்ந்தது. சாலையில் செல்லும் வண்டியோ தனக்கு வேண்டிய சக்தியைத் தானே சுமக்க வேண்டும். சிக்கலின் வேர் இதுவே.

சக்தியும் எடையும்

ஒரு கிலோ பெட்ரோலில் சுமார் 12 யூனிட் சக்தி அடங்கியுள்ளது. ஒரு கிலோ லிதியம் பாட்டரியில் அடங்குவது ஏறக்குறைய ஐந்தில் ஒரு யூனிட்டே. ஆயினும் எஞ்சின் தான் பெறும் சக்தியில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரையே வேலையாக மாற்றுகிறது. எஞ்சியது வெப்பமாய் வீணாகிறது. மோட்டாரோ பத்தில் எட்டு, ஒன்பது பங்கைப் பயனாக்குகிறது. ஆகையால் இலேசான சுமைக்கும் குறுகிய தூரத்திற்கும் பாட்டரி ஏற்றது. பெருஞ்சுமைக்கும் நெடுநேர உழைப்பிற்கும் எண்ணெயே இன்றளவும் ஏற்றது.

இருசக்கர வண்டி

பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடுமாயின், கிலோமீட்டருக்கு 2 ரூபாய் செலவாகிறது. மின்சார வண்டி யூனிட்டுக்குச் சுமார் 30 கிலோமீட்டர் ஓடும்; யூனிட் 8 ரூபாய் எனக் கொண்டாலும் கிலோமீட்டருக்கு 30 பைசாவுக்கு மேற்படாது. நாள்தோறும் 30 கிலோமீட்டர் செல்பவர் 300 நாட்களில் பெட்ரோலுக்கு 18,000 ரூபாயும், மின்சாரத்திற்கு 2,700 ரூபாயும் செலவிடுவார். மிச்சம் 15,300 ரூபாய். இதில் ஒரு பகுதியைப் பாட்டரி மாற்றுவதற்கெனத் தனியே சேர்த்து வைத்தல் அவசியம். பாட்டரியின் விலை சிறிதன்று. பால் கொண்டு செல்வோர், காய்கறி விற்போர் முதலிய, ஒரே வழியில் சென்று இரவில் வீடு திரும்புவோர்க்கு இவ்வண்டி தகும்.

டிராக்டர்

45 குதிரைச் சக்தி டிராக்டர் எட்டு மணி நேரம் உழ ஏறக்குறைய 40 லிட்டர் டீசல் கொள்ளும். அவ்வளவு வேலையைப் பாட்டரியால் செய்ய, முக்கால் டன்னுக்கும் மேற்பட்ட பாட்டரி வேண்டும். பருவமழைக்குப் பின் ஈரம் காயுமுன் உழுது முடிக்க வேண்டிய மானாவாரி நிலத்தில், நடுவில் நிறுத்தி மின்னேற்றக் காத்திருத்தல் இயலாது. எனவே பெரிய டிராக்டருக்கு டீசலே இப்போதைக்குத் தகுந்தது.

கலப்பு வண்டி

எஞ்சினும் மோட்டாரும் ஒருங்கே அமைந்த கலப்பு வண்டி, பிரேக் இடுகையில் வீணாகும் சக்தியைப் பாட்டரியில் சேமிப்பது. நின்று நின்று செல்லும் நகர வீதிகளில் இது மிகுந்த நன்மை தரும். திருச்சி–சிதம்பரம் சாலையில் ஒரே சீராகச் செல்பவர்க்கு அந்நன்மை குறையும், விலையோ கூடுதல்.

கவனிக்க வேண்டியவை

பம்புசெட்டுக்கென அளிக்கப்படும் இலவச மின்சாரத்தைக் கொண்டு வண்டிக்கு மின்னேற்றலாகாது; அது விதிமீறலாகும். வீட்டு இணைப்பில், நல்ல எர்த் கம்பி அமைந்த இடத்தில், வெயில் படாமல் மின்னேற்றுக. பழுது பார்ப்போர் அருகில் உளரா என அறிந்தபின்பே வாங்குக.

மின்சாரமும் விலையின்றிக் கிடைப்பதன்று. ஜெயங்கொண்டத்து மண்ணின் கீழ்ப் பழுப்பு நிலக்கரி உண்டு. அதன்பொருட்டு 1990-களில் விளைநிலம் எடுக்கப்பட்டதையும், அதனால் நேர்ந்த நெடிய வழக்குகளையும் இவ்வட்டாரத்தார் அறிவர். ஆதலின் சூரிய ஒளியால் பெறும் மின்சாரம் பெருகுமளவிற்கே மின்சார வண்டியின் நன்மையும் நிறைவுறும். அதுவரை தூரத்தையும் சுமையையும் கணக்கிட்டு, நாள்வழி ஓட்டத்திற்கு மின்சாரமும் உழவிற்கு டீசலுமாகப் பிரித்துக் கொள்வதே குடியானவர்க்கு உகந்த வழியாகும்.