பியானோவும் முரசும்

பியானோ மென்மைக்கே உரிய வாத்தியம் என்று நம்மிற் பலர் எண்ணுகின்றோம். அதனுள்ளே நிகழ்வதை நோக்கின் உண்மை புலனாகும். கட்டையை அழுத்தியவுடன் கம்பளி போர்த்த சிறு சுத்தியொன்று எழுந்து, இறுகக் கட்டிய எஃகுக் கம்பியை அடிக்கின்றது. ஆகவே, கம்பிகளையுடைய கருவியாயினும் பியானோ முரசுக்கு நெருங்கிய உறவுடையதேயாம்.

இவ்வுறவை, 1982-ஆம் ஆண்டில் யோஷிகி, டோஷி என்னும் நண்பரிருவர் ஜப்பானில் நிறுவிய ‘எக்ஸ் ஜப்பான்’ என்ற ராக் இசைக்குழுவிற் காணலாம். அதில் பியானோவையும், டிரம்ஸ் எனப்படும் முரசுத் தொகுதியையும் வாசிப்பவர் யோஷிகி ஒருவரே. நான்காம் வயதிற் பியானோ பயிலத் தொடங்கிய அவர், பத்தாம் வயதில் தந்தையை இழந்தார். அதன்பின் முரசையுங் கைக்கொண்டார். 1993-இல் வெளிவந்த ‘ஆர்ட் ஆஃப் லைஃப்’ என்னும் அவரது 29 நிமிஷ இசைப்படைப்பின் இடையே, மற்றை வாத்தியங்களெல்லாம் ஓய்ந்துவிட, பியானோ மட்டும் நெடுநேரம் ஒலிக்கின்றது. அமைதியாகத் தொடங்கி, வரவர அபசுரங்கள் மோதக் கலங்குகின்றது.

முரசை வேகமாய் முழக்கியதால் அவரது கழுத்து பழுதுற்றது. 2009-இலும் 2017-இலும் சத்திரசிகிச்சை செய்ய நேர்ந்தது. எனினும் அவர் பியானோவை விட்டாரில்லை. துயரை அடங்கிய குரலிற் சொல்ல ஒரு கருவியும், அலறிச் சொல்ல மற்றொன்றும் அவர் கைகளுக்கு வேண்டியிருந்தன என்றே நாம் கொள்கின்றோம்.