பள்ளிக்கூட வரியும் நம் பங்கும்

சியாட்டில் அருகே மகன் வீட்டில் சில மாதங்கள் தங்கியிருந்தபோது, பக்கத்து வீட்டுக்காரர் தமக்குத் தபாலில் வந்த வாக்குச்சீட்டைக் காட்டினார். அதில் எந்த வேட்பாளர் பெயரும் இல்லை. ஊர்ப் பள்ளிகளுக்கான வரியைத் தொடரலாமா, வேண்டாமா என்ற கேள்விதான் இருந்தது.

அந்த வாஷிங்டன் மாநிலத்தில் பள்ளிச் செலவில் பெரும்பகுதியை மாநில அரசு தருகிறது. பற்றாக்குறைக்கு, சொத்து வரியோடு தனி வரி உண்டு. அன்றாடச் செலவுக்கான அந்த வரிக்கு ஆயுள் அதிகபட்சம் நான்கு ஆண்டு. பிறகு மறுபடியும் மக்களிடம் கேட்க வேண்டும். முன்பு நூற்றுக்கு அறுபது வாக்கு வேண்டும். 2007-இல் செய்த திருத்தத்துக்குப்பின் பாதிக்கு மேல் கிடைத்தால் போதும். தோற்றால் பள்ளிச் செலவில் கை வைக்க வேண்டியதுதான். இது அந்த முறையின் குறை.

நாமும் பள்ளிக்கு வரி கட்டுகிறோம். ஆனால் நம்மை யாரும் கேட்பதில்லை. கல்வி வரி வசூலிக்க, 1920-ஆம் ஆண்டின் சென்னை ஆரம்பக் கல்விச் சட்டமே உள்ளாட்சிகளுக்கு வழி செய்தது. தமிழ்நாட்டில் வீடு உள்ளவர்கள் சொத்து வரிக் கணக்கில் அதைப் பார்த்திருப்பார்கள். மத்திய அரசு 2004-இல் வரியின்மேல் 2 சதவீதம் கல்விக்கென்று விதித்தது. 2018 முதல் அது சுகாதாரமும் சேர்ந்து 4 சதவீதம். இவற்றுக்கு வாக்கெடுப்பு கிடையாது.

கேரளத்தில் அரசுப் பள்ளி ஆசிரியர் சம்பளம் மாநில அரசின் பொறுப்பு. ஆனால் 1995-இல் அரசுப் பள்ளிகள் உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கப்பட்டன. 1996-இல் தொடங்கிய மக்கள் திட்டத்தில், மாநிலத் திட்டப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அவற்றுக்கு ஒதுக்கினார்கள். ஆகவே, மட்டாஞ்சேரியில் ஓர் அரசுப் பள்ளியின் கூரை ஒழுகினாலும், கழிப்பறைக்குத் தண்ணீர் வராவிட்டாலும் நாம் முதலில் போய்க் கேட்க வேண்டிய இடம் கொச்சி மாநகராட்சிதான்.

"நாங்கள் வாடகை வீட்டுக்காரர்கள், வரியா கட்டுகிறோம்?" என்று நம்மில் சிலர் கேட்பதுண்டு. வீட்டுக்காரர் கட்டும் வரி நாம் தரும் வாடகைக்குள்தான் இருக்கிறது.

ரயில்வேயில் கீமேன் என்று ஒருவர் உண்டு. வண்டிகள் ஒழுங்காக ஓடினாலும், தினமும் தண்டவாளத்தோடு நடந்து, தளர்ந்த சாவியைச் சுத்தியலால் அடித்து இறுக்குவார். வாக்குச்சீட்டு வரும் ஊரில் சில ஆண்டுக்கு ஒரு முறையாவது ஊரே அந்த வேலையைச் செய்கிறது. நம் வரி கேளாமலே தொடர்கிறது. அதனால் அது எங்கே போகிறது என்று பார்க்கும் வேலையும் நம் தலையில்தான்.

அதற்கு வழி இருக்கிறது. பள்ளி திறந்தபின் கூடும் பி.டி.ஏ. பொதுக்குழுவுக்குத் தவறாமல் போங்கள். பள்ளிக்கு வேண்டியதை எழுதி, வார்டு கவுன்சிலரிடம் கொடுங்கள். குடியிருப்போர் சங்கத்திலும் அயல்கூட்டத்திலும் பேசுங்கள். மலையாளம் சரளமாக வரவில்லையே என்று கூச வேண்டாம்; ஒழுகும் கூரையைக் கைகாட்ட எந்த மொழியும் போதும். இங்கே வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாதவர்கள் முதலில் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பட்டியலில் பெயர் இருப்பவர் பேச்சுக்குத்தான் கவுன்சிலர் காது கொடுப்பார்.