திகதி எழுதாத படிவமும் பழைய கெப்பும்

பழைய கெப் வாங்கியவர்களின் கடிதங்களில் ஒரே கேள்விதான் சுற்றிச் சுற்றி வருகிறது. பெயர்மாற்றத்துக்கான 14 நாள் தவணை எந்த நாளிலிருந்து தொடங்குகிறது? காசு கொடுத்த நாளிலிருந்து என்கிறார் ஒருவர். சீ.ஆர். (பதிவுச் சான்றிதழ்) கைக்கு வந்த நாளிலிருந்து என்கிறார் இன்னொருவர். "அதையெல்லாம் ஆரண்ணே பாக்கிறது" என்று புரோக்கர் சொன்னதை அப்படியே எழுதி அனுப்பியிருக்கிறார் மூன்றாமவர்.

புரோக்கர் சொன்னதில்தான் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டப்படி, வாகனம் கைமாறி 14 நாட்களுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அது தெரிந்தாக வேண்டும். பிந்தினால் தண்டம். எம்.டி.ஏ. 6, எம்.டி.ஏ. 8 என்று அதற்கான படிவங்களும் உண்டு. ஆனால் கைமாறிய நாள் எது என்று திணைக்களத்துக்குச் சொல்வது அந்தப் படிவத்தில் எழுதும் திகதி மட்டுமே. விற்பவர் ஒப்பம் மட்டும் வைத்துவிட்டு, வாங்குபவரின் பெயரையும் திகதியையும் வெறுமையாக விட்டால் தவணை தொடங்குவதே இல்லை. நாளைக்குத் திகதி போட்டால் நாளைக்குத்தான் வாங்கினீர்கள். சந்தையில் இதற்கு 'ஓப்பின் பேப்பர்' என்று பெயர். சட்டத்தை மீறியதாகக் காட்டாமலே மீற வைக்கும் கெட்டித்தனமான ஏற்பாடு.

இப்படி ஒரு கெப் மூன்று நான்கு கை மாறும். இடையில் வாங்கி விற்றவர்களின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது, கட்டணமும் மிச்சம். கடைசியாக வாங்குகிற குடும்பத்தின் கையில் இருப்பது முன்பின் தெரியாத ஒருவரின் ஒப்பம் மட்டுமே. அவர் இறந்திருந்தால் வாரிசுகளைத் தேடி அலைய வேண்டும். கட்டாருக்கோ கனடாவுக்கோ போயிருந்தால் அதைவிடச் சிக்கல். மறுபக்கம், விபத்தோ மணல் கடத்தலோ நடந்தால் பொலிஸ் முதலில் தட்டுவது எப்போதோ விற்றுவிட்டு நிம்மதியாகப் படுத்திருப்பவரின் கதவை.

பெயர்மாற்றம் கட்டாயம் என்றுதான் அதிகாரிகள் சொல்கிறார்கள். அரசின் இன்னொரு பக்கமான மாகாண நிர்வாகமோ வருடா வருடம் வருமான அனுமதிப் பத்திரத்தைப் புதுப்பித்துக் கொடுக்கிறது. காப்புறுதியும் புகைச் சான்றிதழும் இருந்து காசும் கட்டினால் போதும், பதிவு உரிமையாளர் நேரில் வர வேண்டியதில்லை. விற்றவர் பெயரிலேயே பத்திரம் வரும், வாங்கியவர் அதைக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்வார். கட்டாயம் என்ற சொல்லை இந்த இடத்தில் எவ்வளவு நம்புவது?

இதன் இன்னும் மோசமான வடிவம் லீசிங்கோடு கைமாற்றுவது. விற்பவருக்கு ஒரு தொகையைக் கையில் கொடுத்துவிட்டு, மிச்சத் தவணைகளை அவர் பெயரிலேயே நீங்கள் கட்டுவது. சீ.ஆரில் 'அப்சலூட் ஓனர்' கம்பனி, பதிவு உரிமையாளர் விற்றவர், உங்கள் பெயர் எங்குமே இல்லை. இரண்டு தவணை தவறினால் கம்பனிக்காரர் சீஸ் பண்ண வருவது உங்கள் முற்றத்துக்கு. தவணை மாதா மாதம் வரும், மட்டக்களப்பின் படுவான்கரை விவசாயிக்குக் காசு வருவதோ போகம் முடிந்த பிறகுதான். ஐப்பசி, கார்த்திகையில் வயலில் பயிர் நிற்கும், வாகனம் சேற்றில் நிற்கும், கையில் காசு இருக்காது. லீசிங்தான் வழியென்றால் கம்பனிக்கே போய் ஒப்பந்தத்தை உங்கள் பெயருக்கு மாற்றக் கேளுங்கள். மறுத்தால் அந்த வாகனத்தை விட்டுவிடுங்கள்.

கடதாசிக் கதை போதும், இனி வண்டி. 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கத்து நெல்லும் தயிரும் மட்டக்களப்பு வாவியைச் சுற்றாமல் கிழக்குக் கரைக்கு வருகின்றன. கெப்புக்கு வேலை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் மீன் ஏற்றிய வண்டியா என்று முதலில் கேளுங்கள். பெட்டியிலிருந்து உருகி வழியும் உப்புத் தண்ணீர் பின்தட்டின் ஓட்டைகளால் இறங்கி, பின்பக்கச் செசியிலும் ஸ்பிரிங் பிளேட் பிடிக்கும் இடத்திலும் கறளை வளர்க்கும். வண்டிக்கு அடியில் படுத்து, சாவியாலோ சிறிய சுத்தியலாலோ அந்த இடத்தைத் தட்டுங்கள். கணீரென்றால் நல்லது. மந்தமாக ஒலித்தாலோ செதில் உதிர்ந்தாலோ எழுந்து வந்துவிடலாம். புதிதாகக் கறுப்புப் பூச்சு மினுங்கினால் இரண்டு தடவை தட்டுங்கள்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக.

மீட்டரை நம்பலாமா? வேண்டாம், கிளச் மிதிகட்டையின் தேய்வைப் பாருங்கள்.

வரி அடையாள இலக்கம் வேண்டுமா? 2025 ஏப்ரல் முதல் வேண்டும்.

வேறு மாகாணத்து இலக்கத்தகடு? 2023 முதல் அதற்காகத் தகடு மாற்றத் தேவையில்லை.

இறக்குமதி திறந்துவிட்டதே, விலை இறங்குமா? 2020 மார்ச்சில் மூடியது 2025 பெப்ரவரியில் திறந்தது உண்மை. ஆனால் புதியதற்குத் தீர்வைகளும் அவற்றின் மேல் 18 வீத வற் வரியும் இருக்கும்வரை பழையதை விற்பவர் அவசரப்பட மாட்டார்.

செசி இலக்கம் சீ.ஆரோடு ஒத்துப்போகவில்லை? வாங்காதீர்கள்.

இரண்டு வருடமாக ஓப்பின் பேப்பரில் ஓடுகிறது, என்ன செய்ய? ஒப்பம் வைத்தவர் உயிரோடு, ஊரோடு இருக்கும்போதே போய்ப் பெயரை மாற்றுங்கள். தண்டம் வந்தாலும் கட்டிவிடுங்கள்.

விற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. திகதி, நேரம், வாங்குபவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம் எல்லாவற்றையும் அவர் முன்னிலையிலேயே எழுதி, அவருடைய ஒப்பத்தையும் வாங்கி, ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திணைக்களத்துக்கான அறிவித்தலைப் பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் கந்தோர் தரும் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.