விழா முடிந்தபின் வீடு



டிசம்பர் பிறந்ததும் நம் கால்கள் தரையில் நிற்பதில்லை. வெள்ளையடித்து, நட்சத்திரம் கட்டி, குடில் வைத்து, துணி எடுத்து, பலகாரம் சுட்டு, அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்தனுப்புகிறோம். இரவானால் கேரல் பவனி, பாடற்பயிற்சி, அன்பியக் கூட்டம். நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வீடு திரும்பும்போது உடல் அசந்துபோகிறது. மறுநாள், "கிறிஸ்மஸ் எப்படி?" என்று கேட்டால், "நல்லபடியா முடிஞ்சுது ஃபாதர்" என்கிறோம்.

உண்மையில் அன்றுதான் அது தொடங்குகிறது. திருச்சபை நான்கு ஞாயிறுகள் திருவருகைக் காலமாகத் தயாரித்து, டிசம்பர் 25 முதல் சனவரி 1 வரை எட்டு நாள்களை ஒரே பெருவிழாவைப்போல் கொண்டாடுகிறது. கிறிஸ்து பிறப்புக் காலமோ ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை நீள்கிறது. நாம் தயாரிப்பில் களைத்து, விழாவைத் தவறவிடுகிறோம்.

பெத்லகேமில் நடந்ததை லூக்கா எவ்வளவு நுட்பமாகச் சொல்கிறார், பாருங்கள். இடையர்கள் விரைந்து வந்தார்கள், கண்டதைச் சொன்னார்கள், கேட்டவர்கள் வியந்தார்கள். மரியாவோ அனைத்தையும் உள்ளத்தில் வைத்துச் சிந்தித்தார் (லூக் 2:19). பின்பு இடையர்கள் திரும்பிப் போனார்கள். அதன்பின் அங்கே இருந்தவர்கள் ஒரு தாய், ஒரு தந்தை, ஒரு குழந்தை. சூசையப்பர் பேசியதாக ஒரு சொல்கூட நற்செய்திகளில் இல்லை. ஆனால் தேவைப்பட்ட வேளையிலெல்லாம் அவர் உடனிருந்தார்.

இயேசு பணியைத் தொடங்கியபோது அவருக்கு ஏறக்குறைய முப்பது வயது. அதுவரை அவர் பெரும்பாலும் வாழ்ந்தது நாசரேத்தூரில், ஒரு சாதாரண வீட்டில். 1964 சனவரி 5 அன்று அங்கே சென்ற திருத்தந்தை ஆறாம் பவுல், அந்த இல்லம் கற்றுத்தரும் பாடங்களாக அமைதி, குடும்ப வாழ்வு, உழைப்பு ஆகிய மூன்றைக் குறிப்பிட்டார். திருக்குடும்ப விழாவன்று குருக்களாகிய நாங்கள் செபிக்கும் திருப்புகழ்மாலையில் அந்த உரையின் பகுதி இன்றும் வாசிக்கப்படுகிறது. அவ்விழா கிறிஸ்மசை அடுத்த ஞாயிறன்றே வருவதும் பொருளுள்ளது: குழந்தையைக் கண்ட கையோடு, அது வளர்ந்த வீட்டையும் காணச்சொல்கிறது திருச்சபை.

இங்கே எங்கள் குறையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் விழா முடிந்த வாரத்தில் வீடு சந்திக்கச் சென்றோம். ஒரு வீட்டில் பாட்டி மட்டும் குடிலருகே உட்கார்ந்திருந்தார். "எல்லாரும் எங்கேம்மா?" என்றோம். "கோயில்ல போட்டி வச்சிருக்கீங்களே சாமி, அங்கதான்" என்றார். நமக்குச் சுருக்கென்றது. குடும்பங்களைக் கோயிலுக்குச் சேர்த்த நாமே அவர்களை வீட்டிலிருந்து பிரித்துவிட்டோம்.

ஆகவே இவ்வாண்டு திருக்குடும்ப ஞாயிறு மாலை பங்கில் எந்தக் கூட்டமும் இல்லை. அன்று வீட்டிலிருங்கள். தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் ஒரு மணி நேரம் ஓரமாக வையுங்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையோடு பேசுவதற்கு மட்டும் கைப்பேசி போதும். விருந்து வேண்டாம், இருக்கிற பலகாரமும் கஞ்சியும் போதும். பல நாள்களாக அடுப்படியில் நின்ற அம்மா அன்றாவது உட்காரட்டும். அப்பாவும் பிள்ளைகளும் பாத்திரம் கழுவட்டும். குடிலின் முன் அமர்ந்து, இந்த ஆண்டு கடவுள் செய்த நன்மை ஒன்றை ஒவ்வொருவரும் சொல்லுங்கள். பேசாமலிருக்கும் மனக்கசப்பு ஏதேனும் இருந்தால், அன்றே பேசித் தீருங்கள். பக்கத்து வீட்டில் தனியாக இருப்பவரையும் அழைத்துக்கொள்ளுங்கள்.

சும்மா உட்கார்ந்திருப்பது வீண்பொழுது அல்ல. வார்த்தையானவர் மனுவுருவாகி முதலில் தங்கியது ஒரு குடும்பத்தின் நடுவில்தான். அவர் நம் வீட்டிலும் தங்க, நாமும் அங்கே இருக்க வேண்டும் அல்லவா?

திருக்குடும்பத்தின் ஆசீர் உங்கள் இல்லங்களில் நிலைத்திருப்பதாக. ஆமென்.