காப்பர் டி: சொல்லாமல் பொருத்தலாமா?

1965-ல் அரசின் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் 'லூப்' நுழைந்தபோது எதிர்பார்ப்பு ஏராளம். ஆனால் ரத்தப்போக்கு பற்றிப் பெண்களிடம் சரியாகச் சொல்லவில்லை. பொருத்திய பிறகு கவனிக்கவும் ஆளில்லை. பயம் பரவியது. லூப் செல்வாக்கிழந்தது.

அந்தத் தயக்கம் இன்னும் தீரவில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, மணமான பெண்களில் 37.9 சதவிகிதம் பேர் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். கருப்பைக்குள் பொருத்தும் சாதனத்தை நம்புவோர் 2.1 சதவிகிதம்தான்.

இத்தனைக்கும் காப்பர் டி 380ஏ பத்தாண்டுகள் பலன் தரும். அதையும் மீறிக் கருத்தரிப்பது முதல் ஆண்டில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. எடுத்துவிட்டால் மறுபடி தாயாகலாம்.

குறையும் உண்டு. முதல் சில மாதங்கள் மாதவிலக்கில் உதிரப்போக்கும் வலியும் கூடலாம். 57 சதவிகிதப் பெண்களுக்கு ரத்தசோகை இருக்கும் நாட்டில் இது சின்ன விஷயமல்ல. பால்வினை நோய்களையும் இது தடுக்காது.

பிரசவமான 48 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைகளில் இதைப் பொருத்துகிறார்கள். வசதிதான். ஆனால் பிரசவ வலியில் துடிப்பவளிடம் வாங்குவது சம்மதமல்ல. கர்ப்பகாலப் பரிசோதனையின்போதே விளக்கிச் சொல்ல வேண்டும். ஒத்துக்கொள்ளவில்லை, எடுத்துவிடுங்கள் என்று வருபவளைத் திருப்பி அனுப்பாமலிருந்தாலே போதும். காப்பர் டிக்கு வேறு பிரசாரம் தேவையில்லை.